யாரும் ‘இங்கன’ என்று சொல்லவில்லை

தென்காசி
9 ஜூன் 2025

முப்பிடாதி,

உன் தேர்வுக் குழுவின் அறிக்கை நேற்று வந்தது. இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபத்தோடு, அடுத்த முறை சிவப்பு மைப் பேனாவோடு.

“சங்கரேஸ்வரி, வயது பதினேழு, சென்டர் ஹாஃப். சென்ற ஆண்டு தெரிந்த முன்னேற்றம் தொடரவில்லை. தலை நிமிர்ந்து ஆடுவதில்லை. பந்தை பிறருக்குக் கொடுப்பதில்லை. வளர்ச்சி நின்றுவிட்டது. அகாடமிக்குப் பரிந்துரைக்க இயலாது.” கீழே உன் கையெழுத்து.

‘பந்தைப் பிறருக்கு’ என்று எழுத வேண்டும். ஒற்றைப் போட்டு, அறிக்கையை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். பாளையங்கோட்டைக் கான்வென்ட்டில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள் இப்படி எழுதியதற்கு வெட்கப்பட்டேன். உள்ளே சொல்லியிருப்பதற்கு வெட்கப்பட மாட்டேன், ஏனென்றால் அது உண்மை இல்லை.

வளர்ச்சி நின்றுவிட்டது என்று ஒரு பதினேழு வயதுப் பெண்ணைப் பற்றி எழுத உனக்குக் கை எப்படி வந்தது? தென்னங்கன்றைக் கூட யாரும் இவ்வளவு சீக்கிரம் கைவிடுவதில்லை. அவள் ஊர் வடகரை. அப்பா தேங்காய் லாரி ஓட்டுகிறார். சென்னை அகாடமியில் இடம் கிடைத்தால்தான் அவளுக்கு டர்ஃப் மைதானம், ஹாஸ்டல், நல்ல பயிற்சி எல்லாம். கிடைக்காவிட்டால் அடுத்த வருடம் ஸ்டிக்கைப் பரணில் போட்டுவிட்டு வேறு எங்காவது இருப்பாள். அது உனக்கும் தெரியும்.

ஆட்சேபம் இருந்தால் ஜூலை இறுதிக்குள் தெரிவிக்கலாம் என்று அறிக்கையின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். தெரிவிக்கிறேன். குற்றாலம் மகளிர் ஹாக்கிக் குழுவின் தலைவி என்ற முறையில் இது என் ஆட்சேபம்.

என் கணவர் இறந்தபோது, “நீங்க வீட்ல இருங்க, நாசர் பாத்துக்கிடுவான்” என்று அந்த நாற்காலியைக் கொழுந்தன் மகனுக்குக் கேட்டார்கள். நான் கொடுக்கவில்லை. உன் ஒரு பக்க அறிக்கைக்காகவா எழுந்திருக்கப் போகிறேன்?

நீ நேற்றிலிருந்து போன் செய்கிறாய். எடுக்க மாட்டேன். போனில் நீ ஸ்டேஷனில் பேசுவது போலப் பேசுவாய், நான் வாயைத் திறப்பதற்குள் வைத்தும் விடுவாய். காகிதத்தில் கத்த முடியாது. எழுது.

நூருன்னிசா


சென்னை
15 ஜூன் 2025

நூரு,

ஒற்றுக்கு நன்றி. முப்பத்து நான்கு வருடம் எஃப்.ஐ.ஆர். எழுதினேன். ஒரு மாஜிஸ்திரேட்டும் ஒற்றுக் கேட்டதில்லை.

இப்போது விஷயம். உன் குழு இந்த வருடம் எல்லா ஆட்டத்திலும் தோற்றிருக்கிறது. தோற்கிற குழுவில் நன்றாகத் தெரிவது சுலபம். சுற்றி நிற்பவர்களுக்குப் பந்தை நிறுத்தவே வராதபோது, நிறுத்தத் தெரிந்தவள் ராணியாகத் தெரிவாள். உன் கண்ணுக்கு அவள் நட்சத்திரம். எனக்கு அது போதாது.

போன வருடம் பாளையங்கோட்டைப் போட்டியில் அவளைப் பார்த்து நான்தான் முதலில் எழுந்து நின்றேன். மறந்துவிடாதே. உன் குழுவோடு ஆடினாள். தலையைத் தூக்காமலே இடப்பக்கம் தள்ளினாள், பந்து போய்ச் சேர்ந்த இடத்தில் ஆள் நின்றது. அசந்து போனேன். அதனால்தான் இந்த வருடத் தேர்வு முகாமுக்குக் கூப்பிட்டோம்.

இங்கே வந்து என்ன செய்தாள்? வேறு மாவட்டப் பெண்களோடு கலந்து ஆட விட்டோம். பந்து அவளிடம் போனால் திரும்பவில்லை. லெஃப்ட் விங்கில் ஒருத்தி தனியாக நின்று தொண்டை கிழியக் கத்துகிறாள். இவள் குனிந்த தலை குனிந்தபடி மூன்று பேருக்கு நடுவே புகுந்து பந்தைத் தொலைக்கிறாள். ஒரு தடவை என்றால் விட்டிருப்பேன். இரண்டு நாளும் இதே கதை. கூட இருந்த தேர்வாளர்கள், “என்ன மேடம், உங்க ஊர்ப் பொண்ணுக்கு இவ்வளவு தலைக்கனம்” என்று என்னிடமே கேட்டார்கள்.

நான் ராயகிரிக்காரி. என் மாவட்டத்துப் பெண் என்பதற்காக ஒரு வரி கூடுதலாக எழுதினால், நாளைக்கு என் கையெழுத்தை எவள் மதிப்பாள்?

பாசத்தை எழுதி அனுப்பாதே. கண்ணால் பார்க்கக்கூடிய ஒரே ஒரு காரணம் சொல். இருந்தால் பார்க்கலாம்.

முப்பிடாதி


தென்காசி
24 ஜூன் 2025

முப்பிடாதி,

நீ கேட்ட காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் அது கண்ணுக்குத் தெரியாது. காதுக்குத்தான் கேட்கும்.

உன் கடிதம் வந்த அன்று மாலையே மைதானத்துக்குப் போனேன். குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டது. மலை தெரியவில்லை, எதிர்க் கோல் கம்பம் தெரியவில்லை. சாரல் பக்கவாட்டில் அடிக்க, குடை இருந்தும் நனைந்தேன். எங்கள் கோச் பென்னி, “மேடம், கார்லயே இருங்க, சளி பிடிக்கும்” என்றார். சளி பிடிப்பது என் சொந்த விஷயம் என்று சொல்லிவிட்டு, சங்கரேஸ்வரியைக் கூப்பிட்டேன். எனக்கு அவள் மேலும் கோபம்தான். உன் அறிக்கையை முழுப் பொய் என்று நினைத்திருந்தேன். நீயோ கண்ணால் பார்த்ததை எழுதுகிறாய். அப்படியானால் இவள்தானே எனக்குப் பதில் சொல்ல வேண்டும்?

“ஏட்டி, சென்னையில லெஃப்ட் விங்குல ஒருத்தி கத்திக்கிட்டே நின்னாளாமே. ஏன் குடுக்கல?”

“யாருமே கூப்பிடலியே ஆச்சி.”

(தலைவி என்று கூப்பிடச் சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. எனக்குப் பேரனும் இல்லை பேத்தியும் இல்லை என்றும் சொல்லிவிட்டேன். கேட்பதில்லை.)

“தொண்டை கிழியக் கத்துனாளாம்.”

“அவளுவ ‘ஓப்பன், ஓப்பன்’ங்காளுவ, ‘சைட்’ங்காளுவ. எல்லாரும் எல்லா நேரமும் கத்துதாளுவ. எனக்கு ஒண்ணும் காதுல விழல. யாரும் இங்கனன்னு சொல்லல ஆச்சி.”

பக்கத்தில் நின்ற லெஃப்ட் விங் மெஹர் பானு சிரித்துவிட்டாள். “நான் இங்கனன்னு சொன்னா இவ தூக்கத்துலயும் தள்ளிருவா ஆச்சி.”

புரிகிறதா? சீசனில் இந்த மைதானத்தில் இருபது கஜத்துக்கு அப்பால் ஆள் தெரியாது. ஜெர்ஸி பாதி ஆட்டத்திலேயே சேற்று நிறம் ஆகிவிடும். நிமிர்ந்தால் சாரல் கண்ணில் குத்தும். அதனால் இந்தப் பெண்கள் தாங்களாகவே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். நிற்பவள் ‘இங்கன’ என்பாள், குனிந்திருப்பவள் அந்தக் குரலுக்குத் தள்ளுவாள். குறுக்கிச் சொன்னால் கிட்டே நிற்கிறாள். ‘இங்கனே…’ என்று இழுத்தால் தூரத்தில். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பென்னிக்கே தெரியாது.

நான் எதையும் சோதிக்காமல் நம்புகிறவள் இல்லை. பென்னியிடம் சொல்லி எல்லோரையும் வாயை மூடிக்கொண்டு ஆடச் சொன்னேன். நீ சென்னையில் பார்த்ததை நானும் பார்த்தேன். பந்து அவளிடம் போனது, திரும்பவில்லை. பிறகு வாயைத் திறக்கச் சொன்னேன். அந்தச் சத்தத்தையும், அந்தச் சத்தத்துக்குள் பந்து போன ஒழுங்கையும் நீ கேட்டிருக்க வேண்டும்.

தலை குனிந்து ஆடுவது குறைதான். அதை மறுக்கவில்லை. ஆனால் குறை வேறு, வளர்ச்சி நிற்பது வேறு. உன் முகாமில் நீ அவளுடைய காதை எடுத்துவிட்டு, கால் சரியில்லை என்று எழுதியிருக்கிறாய்.

ஜூலை 20 ஞாயிற்றுக்கிழமை கோவில்பட்டிக் குழுவோடு எங்களுக்கு ஆட்டம். வந்து பார். முழங்கால் வலி என்று சொல்லாதே. எனக்கும் இரண்டு முழங்கால் இருக்கிறது.

நூருன்னிசா


சென்னை
2 ஜூலை 2025

நூரு,

சிரித்தேன். பிறகு அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். மருமகள் எட்டிப் பார்த்து, “யாரைக் கூப்பிடுறீங்க அத்தை?” என்றாள்.

கான்வென்ட் மைதானத்தில் சிஸ்டர் ‘ஹியர்’ என்றுதான் கூப்பிட வேண்டும் என்பார். நீ அழகாக ‘ஹியர்’ என்பாய். நான் பந்தைக் கண்டதும் ‘இங்கன’ என்று அலறுவேன். சுற்றி ஓடு என்று தண்டனை கொடுப்பார். அதில்தான் எனக்குப் போலீஸ் வேலைக்கு வேண்டிய மூச்சே வந்தது. அந்த முகாமில் அந்தப் பெண் எதற்குக் காது கொடுத்துக்கொண்டு நின்றாள் என்று எனக்குப் பிடிபட்டிருக்க வேண்டும். படவில்லை.

ஆனாலும் விட மாட்டேன். ஹாலந்துக்காரி ‘இங்கன’ என்று கூப்பிடுவாளா? ஹரியானாக்காரி கூப்பிடுவாளா? நீ சொல்வது நிஜம் என்றால் அவள் ஆட்டம் பத்துப் பேருக்குள், ஒரு மைதானத்துக்குள் கட்டிப்போட்டுக் கிடக்கிறது. அதையும் வளர்ச்சி இல்லை என்றுதான் சொல்வேன்.

வருகிறேன். தேர்வாளராக வருகிறேன். உன் வீட்டில் தங்க மாட்டேன். உன் கை பிரியாணி சாப்பிட மாட்டேன். அவளிடம் நான் வருவதைச் சொல்லக் கூடாது. சொன்னால் அந்த நிமிஷமே ரயில் ஏறிவிடுவேன்.

முப்பிடாதி


தென்காசி
21 ஜூலை 2025

முப்பிடாதி,

வந்தாய். மைதானத்துக்கு எதிர்ப்பக்கம் போய்ப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாய். தலையில் துண்டு போட்டால் அடையாளம் தெரியாது என்று நினைத்தாயா? ஆட்டம் முடிந்ததும் ஆட்டோ பிடித்துப் போய்விட்டாய். நான் பிரியாணி செய்யவில்லை, உன் நேர்மைக்குப் பயந்து வெறும் இடியாப்பம்தான் செய்திருந்தேன். அதைப் பென்னி சாப்பிட்டார்.

நீ பார்த்தது எதுவென்று எனக்குத் தெரியாது. தூரத்தில் இருந்தாய், சாரலும் இருந்தது. அதனால் நான் பார்த்ததை, கேட்டதை எழுதுகிறேன். பிறகு தெரியாது என்று சொல்லாதே.

கோவில்பட்டிப் பெண்கள் முட்டாள்கள் இல்லை. அவர்களுக்கும் அதே தமிழ்தானே. ஆட்டம் சூடு பிடிப்பதற்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். பந்து சங்கரேஸ்வரியிடம் போனதும், அவர்களுடைய ஃபார்வர்டு ஒருத்தி எங்கள் கோலுக்கு முன்னால் நின்றுகொண்டு, எங்கள் மெஹர் பானுவின் குரலிலேயே ‘இங்கனே…’ என்று இழுத்தாள். இவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் தள்ளினாள். பந்து நேராக அவள் ஸ்டிக்குக்குப் போனது. கோல். கொஞ்ச நேரத்தில் இன்னொருத்தி ‘இங்கன’ என்றாள். மறுபடியும் கோல். அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வேலிக்கு வெளியே நின்ற நாசர், “பெரியம்மா, உங்க ஸ்டாரு அந்தப் பக்கத்துக்கு ஆடுதா பாத்துக்கிடுங்க” என்றான். இன்னும் ஒரு வார்த்தை பேசினால் குடையால் அடிப்பேன் என்றேன். அடித்தும் இருப்பேன்.

அப்போது சாரல் கொஞ்சம் விலகியது, உன்னைப் பார்த்தேன். மடியில் வைத்திருந்த காகிதத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாய்.

இடைவேளையில் அழுதுகொண்டிருப்பாள் என்று போனேன். அழவில்லை. தண்ணீர்ப் பாட்டிலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மெஹர் பானுவிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

“இனிமே ஒருத்தியும் வாயத் தொறக்கக் கூடாது. நான் சொல்லுவேன். சொன்ன எடத்துக்கு ஓடு.”

“எங்கட்டி ஓட? ஒண்ணும் தெரியல.”

“எனக்குத் தெரியும்லா. அங்கனன்னா அங்கன ஓடு. அம்புட்டுதான்.”

பென்னி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

இரண்டாம் பாதியில் எங்கள் பக்கம் சத்தமே இல்லை. ஒரே ஒரு குரல்தான். “அங்கன, மெஹரு!” “பின்னால, பின்னால!” “கொடி கிட்ட, அங்கன!” ஆள் நிற்கும் இடத்துக்கு அவள் பந்து கொடுக்கவில்லை. ஆள் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குக் கொடுத்தாள். அங்கன என்று சொல்ல வேண்டுமானால் அங்கே என்ன இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும் அல்லவா? பார்த்தாள். சாரல் கண்ணில் அடிக்க அடிக்க, முகத்தைத் துடைத்துக்கொண்டு, தலையைத் தூக்கிப் பார்த்தாள். கோவில்பட்டிக்காரிகள் ‘இங்கன இங்கன’ என்று கத்திப் பார்த்து ஓய்ந்து போனார்கள்.

ஒரு கோல் போட்டோம். இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். வழக்கம் போலத் தோற்றோம் என்று நீ எழுதிக்கொள்ளலாம். ஆனால் ஒரு பெண் தன் குறையைப் பகையாளி கையில் பிடிபடக் கொடுத்து, அவமானப்பட்டு, பதினைந்து நிமிட இடைவேளையில் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு ஆட்டக்காரியாக உள்ளே இறங்கியதை நான் பார்த்தேன். ஜெயிக்கிற குழுவில் இருந்திருந்தால் அவளுக்கு அது தேவையே பட்டிருக்காது.

வளர்ச்சி நின்றுவிட்டது என்று இனியும் எழுதுவாயானால் எழுது. நான் அதன் கீழே என் கையால் ‘பொய்’ என்று எழுதி, சென்னையில் உள்ள உன் குழு உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் அனுப்புவேன். ஒற்றுப் பிழை இல்லாமல்.

நூருன்னிசா


சென்னை
26 ஜூலை 2025

நூரு,

துண்டு ஒளிவதற்காக இல்லை. குளிர்.

உன்னைப் பார்க்காமல் போனதற்குக் காரணம், அந்தக் கோலுக்கு நான் நாற்காலியை விட்டு எழுந்து கத்திவிட்டேன். பக்கத்தில் இருந்த கோவில்பட்டிக்காரர், “நீங்க எந்தக் கட்சிம்மா?” என்று கேட்டார். அந்த முகத்தோடு உன் எதிரே வந்து உட்கார விருப்பம் இல்லை. உனக்கு அவ்வளவு சந்தோஷத்தைக் கொடுக்க மாட்டேன்.

மடியில் எழுதிக்கொண்டிருந்தது அந்த இரண்டு கோலைப் பற்றித்தான். இடைவேளைக்குப் பிறகு அதைக் கிழித்தேன்.

அறிக்கையைத் திருத்தி எழுதிவிட்டேன். “தன் ஆட்டத்தைத் தானே மாற்றிக்கொள்ளத் தெரிந்தவள். பந்தைப் பிறருக்குக் கொடுப்பதோடு, அவர்கள் எங்கே நிற்க வேண்டும் என்றும் சொல்கிறாள். தலை இன்னும் நிமிர வேண்டும். இடம் தரலாம்.” ஒற்றைப் போட்டிருக்கிறேன், பார்.

முகாமில் ஒரு பெண்ணுக்கு முழங்கால் போய்விட்டது. அந்த இடம் சங்கரேஸ்வரிக்கு. குழு ஒப்புக்கொண்டது. ஆகஸ்ட் 10 அன்று வந்து சேர வேண்டும். அகாடமியில் சேர்ந்தபின் வெளியே எந்தக் குழுவுக்கும் ஆடக் கூடாது. தேதியில் தளர்வு கிடையாது. வரிசையில் வேறு பெண்கள் காத்திருக்கிறார்கள்.

முப்பிடாதி


தென்காசி
30 ஜூலை 2025

முப்பிடாதி,

இந்தக் கடிதத்தை நன்றிக் கடிதமாகத் தொடங்கினேன். கிழித்துவிட்டேன்.

உன் செய்தியோடு வடகரைக்கே காரில் போனேன். அவள் அம்மா என் வாயில் சீனி போட்டார். அப்பா லாரியை ஓரமாக நிறுத்திவிட்டு ஓடி வந்தார். இவள் மட்டும் சுவரில் சாய்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“பத்தாம் தேதி போக முடியாது ஆச்சி.”

“ஏன் முடியாது?”

“பதினேழாந் தேதி புளியங்குடி மேட்ச் இருக்குல்லா.”

எங்கள் லீக் விதி உனக்குத் தெரியாது. தோற்றால் பரவாயில்லை, பதினொரு பேர் இறங்காமல் ஓர் ஆட்டத்தை விட்டால் குழுவையே நீக்கிவிடுவார்கள். அடுத்த வருடம் லீகிலேயே இருக்க மாட்டோம். எங்களிடம் இருப்பது சரியாகப் பதினொரு பேர். பன்னிரண்டாவது பெண் ஜூனில் கல்யாணம் ஆகிப் போய்விட்டாள்.

திட்டினேன். நன்றாகவே திட்டினேன். இந்த ஒரு இடத்துக்காக எவ்வளவு எழுதினேன் தெரியுமா, உன் அப்பா முகத்தைப் பார், தோற்கிற ஒரு குழுவுக்காக எதைத் தூக்கி எறிகிறாய் தெரியுமா என்றெல்லாம் கேட்டேன்.

“தோக்குத டீமுன்னு நீங்களே சொல்லுதீங்களா ஆச்சி?” என்றாள்.

குடையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவள் விடவில்லை.

“அங்கன ஓடு, அங்கன ஓடுன்னு நான்தான சொன்னேன். அவளுவ ஓடுனாளுவல்லா. இப்ப பாதியில நான் மட்டும் ரயிலு ஏறுனா நல்லாவா இருக்கு? தோத்துட்டுப் போறேன். ஆனா ஆடிட்டுத்தான் போவேன்.”

திரும்பி வரும் வழியெல்லாம் அவளோடு மனதுக்குள் சண்டை போட்டேன். செங்கோட்டைச் சாலை முடிவதற்குள் தோற்றுப் போனேன். முதலில் இவள் தன் காலுக்கு வந்த பந்தை மட்டும் பார்த்தாள். பின்னர் ஒரு குரலை மட்டும் கேட்டாள். இப்போது பத்துப் பேரையும் சேர்த்துப் பார்க்கிறாள். தலை நிமிர வேண்டும் என்று எழுதினாயே. நிமிர்ந்தால் தெரிவது இதுதான். இதைத் தண்டிக்கப் போகிறாய் என்றால் எதை வளர்க்க அந்த அகாடமியை நடத்துகிறீர்கள்?

எனக்கு அவள் சென்னைக்குப் போக வேண்டும். அவளை விடவும் அது எனக்குத்தான் அதிகம் வேண்டும் போலிருக்கிறது. ஆனாலும் நான் அவள் பக்கம் நிற்கிறேன். இடத்தை ஒன்பது நாள் பிடித்து வை. உன் குழு முடியாது என்றால் வேறு பெண்ணுக்குக் கொடுத்துக்கொள்ளுங்கள். அவள் வரவில்லை என்று எழுதாதே. நீங்கள் காத்திருக்கவில்லை என்று எழுது.

கெஞ்சுகிறேன் என்று நினைக்காதே. கெஞ்சுவது எப்படி என்று சிஸ்டர் எனக்குக் கற்றுத்தரவில்லை.

நூருன்னிசா


சென்னை
6 ஆகஸ்ட் 2025

நூரு,

நேற்று குழு கூடியது. “ஒரு ஊர் மேட்சுக்காக அகாடமி காத்திருப்பதா?” என்று கேட்டார்கள். உன் கடிதத்தின் கடைசிப் பகுதியைப் படித்துக் காட்டினேன். அப்படியும் முகத்தைச் சுளித்தார்கள். அவள் வரும்வரை அந்த இடத்தில் வேறு யாரையாவது போட்டால் என் நாற்காலியிலும் வேறு யாரையாவது போட்டுக்கொள்ளுங்கள் என்று எழுந்து கதவு வரைக்கும் போனேன். கதவைத் திறப்பதற்குள் கூப்பிட்டார்கள். நல்லவேளை. கீழே ஆட்டோ சொல்லியிருக்கவில்லை.

பதினேழு அங்கன ஆடட்டும். புளியங்குடிக்காரிகளை விடக் கூடாது என்று நான் சொன்னதாகச் சொல்லாதே, நான் தேர்வாளர்.

பதினெட்டு மாலை பொதிகையில் ஏற்றி விடு. பத்தொன்பது காலை எழும்பூரில் நிற்பேன். துண்டு போட்டிருக்க மாட்டேன். கூட்டத்தில் என்னை எப்படிக் கண்டுபிடிப்பாள் என்று நீ கவலைப்படாதே. அவள் தலையைக் குனிந்துகொண்டு இறங்கினாலும் சரி.

நான் கூப்பிடுவேன்: இங்கன.

முப்பிடாதி